கருங்கல் என்று பெயரெடுத்தவள்

கதைக்குள் செல்லுமுன் கேட்பவர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தெரு ஒன்றில், பெண்கள் இறந்தால் உடலைக் குளிப்பாட்டுபவள் எசக்கியம்மாள். அவளை யாரும் அதற்கென நியமிக்கவில்லை. நல்ல கறுப்பு; ஓங்கிய உடல்; கணவன் இறந்த அன்றும் கண் கலங்காதவள். "கருங்கல்லுக்கு ஏது நோவு?" என்று தெருவே மெச்சும். அதைக் கேட்டுக் கேட்டு, தனக்கும் நோவு உண்டென்று சொல்லும் வழியையே அவள் இழந்திருந்தாள்.

அவள் பெரியாஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்த்துவருவது மகள் முத்துச்செல்விக்கும், உப்பளத்தில் உடன் வேலை செய்யும் கனியம்மாளுக்கும் மட்டுமே தெரியும். செத்துவிடலாம் என்ற எண்ணம் அடிக்கடி எழுகிறது என்று அவள் முதன்முதலில் சொன்னபோது கனியம்மாள் சிரித்துவிட்டாள்.

"போக்கா! நீயே இப்படிச் சொன்னா நாங்கள்லாம் எங்க போக?"

அந்தச் சிரிப்பு பின்னர் கனியம்மாளை உறுத்தியது. அதற்கு ஈடாகவே, செய்தி தெருவுக்குத் தெரியாமல் காப்பதாகச் சத்தியம் செய்தாள். மருத்துவரோ, குணமாகும்வரை சாவு வீட்டுக்குப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

இந்நிலையில் அதே தெருவிலிருக்கும் தங்கபுஷ்பத்தின் மருமகள் பிரசவத்தில் இறந்தாள். தங்கபுஷ்பம் பெண்கள் சிலரோடு எசக்கியம்மாளின் வாசலில் வந்து நின்றாள்.

"ஏ எசக்கி, எந்திரி தாயி. புள்ள அப்படியே கெடக்கா. ஒன்ன விட்டா யாருக்கு அந்தத் தெம்பு இருக்கு?"

எசக்கியம்மாள் எழவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். இன்னும் தாமதித்தால் காரணம் கேட்பார்களே என்று, அருகில் உட்கார்ந்திருந்த கனியம்மாள் அஞ்சினாள். தோழியின் தோளைத் தொட்டு, "எந்திரிக்கா, எல்லாரும் பாக்காவ" என்று காதோடு சொன்னாள். எசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

முத்துச்செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கம்மா வரமாட்டா. அவளுக்கு மனசு சரியில்ல, அதுக்கு மாத்திரை திங்கா. இனிமே யாரும் கூப்பிட வராதீய."

"இவளுக்கா?" என்றாள் தங்கபுஷ்பம்.

எசக்கியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். மூடிக்கொள்ள வேண்டிய முகம் தன்னுடையதே என்று கனியம்மாளுக்குத் தோன்றியது.

தோழி வாக்கைக் காத்தாள். மகள் ரகசியத்தை உடைத்துத் தாயைக் காத்தாள். தாயோ, முடியாதபோதும் அழைப்புக்கு எழுந்தாள். இம்மூவருள் யார் செய்தது சரி?

விடை இது: மகள் செய்தது சரி, ஆனால் பாதியளவே. அம்மா வரமாட்டாள் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. ஏன் என்று சொல்ல இல்லை. 'வரமாட்டா' என்ற ஒரு சொல்லைத் தெரு ஏற்றுக்கொண்டிருக்குமானால், அவள் அதோடு நிறுத்தியிருப்பாள். முடியாதென்று சொல்லத் தாய்க்கு எவரும் இடம் தந்ததில்லை. எழுந்ததை அவளது குற்றமாக்குவது தகாது. கனியம்மாள் காத்ததோ தோழியை அன்று. கருங்கல் என்ற பெயரை.

பின்னர் உறுதியானவை: அன்று உடலைக் குளிப்பாட்டியவள் கனியம்மாள். அவள் கை நடுங்கியபோது, "மெதுவாச் செய்யி, பரவாயில்ல" என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். எசக்கியம்மாள் மருத்துவத்தை நிறுத்தவில்லை. மகளோடு நெடுநாள் பேசவில்லை. கனியம்மாளிடம் மட்டும் எப்போதும்போலவே பேசினாள். அதைத்தான் கனியம்மாளால் தாங்க முடியவில்லை.