ஏரியில் நீச்சல் பாடம்

மேழிநாட்டு ராஜா கனகசூடருக்கு அடுத்த நாட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவதைத் தவிர வேறு வேலை அதிகம் கிடையாது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் அரசாட்சியும் பொருளியலும் படிக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே நம் ராஜாவும் உத்தரவு போட்டார். இந்த இரண்டு பாடத்திலும் தேறினால்தான் பள்ளி முடித்த ஓலை கிடைக்கும். ஓலை இல்லாதவனுக்கு அரண்மனையில் வேலை இல்லை. உத்தரவைக் கோயில் சுவரில் கல்லிலும் வெட்டியாயிற்று. மேழிநாட்டில் கல்லில் வெட்டியதை ராஜாவே நினைத்தாலும் அழிக்க முடியாது.

பாடநூலை எழுதும் பொறுப்பு மந்திரி பஞ்சநதருக்கு. வழக்கம்போல நூல் வந்து சேரவில்லை. தலைநகர்ப் பள்ளி ஆசிரியர் வெண்காடர், பாவம், நேர்மையான மனிதர். நூல் வராவிட்டால் என்ன, நாடு கண்முன்னால் இருக்கிறதே என்று பிள்ளைகளைச் சந்தைக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினார். ஆண்டு முடிவில் பிள்ளைகள் சபைக்கு வந்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்கள். ஏரியைத் தூர்வாரவென்று ஊரே வரி கொடுக்கிறதே, பிறகு ஏன் ஏரிக்குள் கரும்பு வளர்கிறது?

கரும்பு மந்திரியுடையது. அது ஊருக்கே தெரியும். பல்லக்கில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு போகிற ராஜாவுக்கு மட்டும் தெரியாது. மந்திரி முந்திக்கொண்டார். இது ராஜத்துரோகம், வாத்தியார் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று கூவினார். வெண்காடர் சிறைக்குப் போனார். அவரை யானைக்காலால் இடறவைப்பது என்று தீர்ப்பும் ஆயிற்று.

அப்புறம்தான் ராஜாவுக்கு உறைத்தது. கல்வெட்டை அழிக்க முடியாது, பிள்ளைகள் படித்தாலோ கேள்வி கேட்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். சபை விகடகவி குழைக்காதரைக் கூப்பிட்டார்.

"பாடம் இருக்க வேண்டும். எல்லாரும் தேறவும் வேண்டும். ஆனால் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியக்கூடாது. வழி சொல்லும் ஐயா. இல்லையென்றால் வாத்தியாருக்குத் துணையாக நீரும் போகலாம்."

குழைக்காதர் வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடிக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இதென்ன பிரமாதம், பிரபு? மந்திரியாரை நூல் எழுதச் சொல்லுங்கள். அதை மனப்பாடம் செய்யவைத்துத் தேர்வு நடத்துங்கள். போதும்."

நூல் எழுதித் தேர்வு முடியட்டும் என்று வாத்தியாரின் தண்டனை மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. மந்திரி நானூறு பாட்டு எழுதித் தள்ளினார். அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் சபையிலேயே தேர்வு நடந்தது. ஏரி என்றால் என்ன என்று ராஜா கேட்டார். நாற்புறமும் கரை சூழ்ந்து நடுவில் நீர் நிறைந்து நாட்டைக் காப்பது என்று நூறு பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அந்த ஏரியைக் காப்பது யார் வேலை என்று கேட்டார்.

"அது தேர்வுக்கு வராதுங்க" என்றது முதல் வரிசைப் பிள்ளை.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். என்ன பரிசு வேண்டும் என்றார். வெண்காடரின் உயிர் வேண்டும் என்றார் குழைக்காதர். மந்திரிக்கு முகம் சுருங்கியது. அந்த ஆள் இனி அரசாட்சிப் பாடம் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றார். குழைக்காதரும் ஒப்புக்கொண்டார். நூலும் வேண்டாம், தேர்வும் வேண்டாம், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கட்டும் என்றார். நீச்சலில் என்ன கேள்வி வந்துவிடப்போகிறது என்று மந்திரியே முத்திரை வைத்தார். அவர் கரும்பைத் தின்றவர்தானே தவிர வயலில் இறங்கியவர் அல்லர். ஊரில் நீந்துவதற்கு இருப்பது அந்த ஏரி ஒன்றுதான் என்பது அவருக்கு நினைவே வரவில்லை.

பத்தாம் நாள் அரண்மனை வாசலில் கூட்டம். நூறு பிள்ளைகளும் கோவணத்தோடு நின்றார்கள். கை, கால், முதுகெல்லாம் ரத்தக் கீறல். பின்னால் பெற்றவர்கள் கொதித்துப்போய் நின்றார்கள். ராஜா பதறி இறங்கிவந்து என்ன ஆயிற்று என்றார்.

"நீச்சல் பழகினோங்க."

"தண்ணீர் எங்கேயாவது கீறுமா?"

"தண்ணி எங்கங்க இருக்கு? கரும்புச் சோகைதான் கீறுது. உள்நீச்சல் அடிச்சா மூஞ்சியே கிழியுது."

ராஜா வெண்காடரைப் பார்த்தார். நீச்சலைத் தவிர ஒரு சொல் கற்றுக்கொடுக்கவில்லை என்று அவர் கைகூப்பினார்.

அன்றைக்குத்தான் ராஜா முதன்முதலாகப் பல்லக்கு இல்லாமல் ஏரிக்கரைவரை நடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு ஏரியையே கரும்பில் மறைத்திருந்தார்கள். யாருடைய கரும்பு என்று ராஜா கேட்டதும் பெற்றவர்கள் எல்லாரும் மந்திரியைக் கைகாட்டினார்கள். ராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. மந்திரி தம் கையாலேயே கரும்பை வெட்டி, தாமே மண்வெட்டி பிடித்துத் தூர்வார வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார்.

திரும்பி வரும் வழியில் ராஜாவுக்கு ஒரு சந்தேகம்.

"குழைக்காதரே, நூல் இல்லை, பாட்டு இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நீச்சல்கூட இன்னும் வரவில்லை. பத்தே நாளில் அரசாட்சி மட்டும் எப்படி ஐயா விளங்கிற்று?"

"தேர்வு வைக்காமல் விட்டுவிட்டோமே, பிரபு" என்றார் குழைக்காதர்.