மாமியார் கொண்டுவந்த சேவல்

மதுரை வட்டாரத்தில் கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, சங்கத்து ஆண்டு விழாவோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு சிகாமணி தனியாக வந்து நின்றால் போதும், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். முப்பது வருஷமாக அப்படித்தான் பிழைப்பு ஓடியது. தலைக்கு மை அடிக்கிற வயசு வந்த பிறகும் ஓடியது. போன வாரம் திருமங்கலத்தில்தான் நொண்டியது.

அவர் கதைகளிலேயே பேர் வாங்கியது மாமியார் கதை. மாமியார் ஒரு சேவலோடு பஸ் ஏறுகிறாள். சேவலுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார் கண்டக்டர். "ஏன், அதுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறாள் மாமியார். கஞ்சத்தனத்துக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி, இடுப்பில் கைவைத்து, மூக்கைச் சுழித்து, சிகாமணி அதைக் கேட்கிற விதத்துக்காகவே ஊர் ஊராக அவரைக் கூப்பிட்டார்கள்.

திருமங்கலத்தில் அவர் இடுப்பில் கைவைத்ததுமே முன்வரிசை முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. கூட்டம் சிரித்தது. அவர் சொல்லாமலே சிரித்தது. சிகாமணியும் கூடச் சிரித்துவைத்தார், வேறென்ன செய்வார் பாவம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து புதுசாக ஏதாவது யோசிக்கலாமென்றால், வருவதெல்லாம் பழைய கதையே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் ஒரு விழா இருந்தது. அதோடு மேடைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். அந்த முடிவை முதலில் சொல்லவேண்டிய ஆள் ஒருவர்தான். அருப்புக்கோட்டை திரவியம் அண்ணன்.

சிகாமணிக்கு மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது, எந்த வரியைத் தூக்கி எறிவது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். எப்போதோ மேடையை விட்டுவிட்டு, கொல்லையில் நாலு நாட்டுக்கோழியை வளர்த்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் பாதிப் பதில்தான் சொல்வார். மீதிப் பாதிக்கு ஆளை அலையவிடுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

தூத்துக்குடி போகிற நண்பரின் காரில் தொற்றிக்கொண்டு போய், காலையிலேயே அந்த வீட்டு வாசலில் இறங்கினார் சிகாமணி. திரவியம் கோழிகளுக்கு அரிசி தூவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு."

திரவியம் இன்னொரு பிடி அரிசியைத் தூவினார்.

"ஜனங்க எனக்கு முன்னாடி சொல்லிடுறாங்க. அதைவிட, அந்தக் கதையைச் சொல்ல எனக்கே வாய் கசக்குது. ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கிறேன்."

"எந்தக் கதை?"

"சேவல் கதைதான்."

"நீ சேவலைக் கையில பிடிச்சிருக்கியா?"

இல்லை என்றார் சிகாமணி. சட்டையில் கறை படும் என்று கோழிக்கடைக்கே போகாத ஆள் அவர்.

திரவியம் எழுந்து போய், செந்நிறச் சேவல் ஒன்றை அமுக்கிப் பிடித்தார். காலை வாழைநாரால் கட்டி, சிகாமணியின் கையில் கொடுத்தார்.

"இதை உன் வீட்டுக்குக் கொண்டுபோ. பஸ்ல போ. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

சொன்னதுக்கு இதுவா பதில் என்று சிகாமணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் குருவிடம் முகம் சுளித்துப் பழக்கமில்லை. பஸ் ஏறினார்.

ஏறியதுமே ரெண்டு மூணு பேர் அடையாளம் கண்டுகொண்டார்கள். சிகாமணி, கையில் சேவல், பஸ். இதைவிட வேறென்ன வேண்டும். கண்டக்டர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்று, சேவலுக்கு டிக்கெட் எடுக்கலையா அண்ணே என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அந்த வரிக்காகக் காத்திருந்தார்கள். சிகாமணி அதைச் சொல்லாமல், சேவலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்சநேரம் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாங்கமுடியாமல் சொன்னாள்.

"கட்டு ரொம்ப இறுக்கமா இருக்குண்ணே. அவுத்துவிட்டு மடியில வச்சுக்கங்க. அதுவும் உசுருதானே."

அவிழ்த்தார். அதன் பிறகு ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சேவல் திமிறியது. சட்டைப்பையில் போன் அடித்தது, எடுக்க முடியவில்லை. இறக்கைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது உள்ளங்கையில் தெரிந்தது. காரியாபட்டி தாண்டியபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அப்போதுதான் மாமியாரின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கல்யாணமான புதுசில் செல்லூரில் ஒண்டுக் குடித்தனம். முதல் கரு தங்காமல் போய், மனைவி சொர்ணம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. மகளுக்குச் சாறு வைத்துக் கொடுக்க, விளாத்திகுளத்துப் பக்கமிருந்து சேவலை மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினாள் மாமியார். சேவலைக் கீழே விட்ட பிறகும் அவளுக்கு விரல்கள் நிமிரவில்லை. அதைப் பார்த்துத்தான் சொர்ணம் பாயைவிட்டு எழுந்தாள். எண்ணெயைச் சுடவைத்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நீவ நீவ, கண்டக்டரிடம் சேவலின் வயசைக் கேட்ட கதையை மாமியார் சொன்னாள். சொர்ணம் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. கதவோரம் நின்றிருந்த சிகாமணி, சிரித்துக்கொண்டே அழுதார்.

முதல் தடவை அந்தக் கதையை மேடையில் சொன்னபோது எண்ணெயிலிருந்துதான் ஆரம்பித்தார். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த தடவை எண்ணெயை எடுத்துவிட்டார். அப்புறம் படுத்துக்கிடந்த மகளையும் எடுத்துவிட்டார். கடைசியில் ஒரு கஞ்சக்கிழவியும் சேவலும் மட்டும் மிஞ்சினார்கள்.

பஸ்ஸில் சிகாமணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

வீட்டுக்கதவைத் திறந்த சொர்ணம் சேவலைப் பார்த்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். அவள் அவருடைய நிகழ்ச்சிகளுக்கு வருவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாரே தவிர, ஏன் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

"விரல் நிமிர மாட்டேங்குது சொர்ணம்," என்றார்.

அவள் சேவலை வாங்கிக் கூடத்தில் விட்டாள். எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். பாதியில் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கண்டக்டர் டிக்கெட் கேட்டாரா?"

அவர் பதில் சொல்வதற்கு முன்பே சிரித்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். செல்லூர் வீட்டில் கேட்ட அதே சிரிப்பு. சேவல் மிரண்டு நாற்காலிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது.

சாயங்காலம் குருவுக்குப் போன் செய்தார் சிகாமணி. பஸ்ஸில் நடந்தது, வீட்டில் நடந்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார்.

"அண்ணே, அந்தக் கதை என்னுதே இல்ல. அத்தை தன் மகளைச் சிரிக்க வைக்கச் சொன்னது. கடைசிவரைக்கும் நான் அவங்களைக் கஞ்சக்கிழவியாவே காட்டிட்டேன்."

"ம்."

"கூட்டம் சிரிக்காத வரியைத் தூக்கிடுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க."

"சொன்னேன்."

அருப்புக்கோட்டைக் கோழிகள் கூடு அடைகிற சத்தம் போனில் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கத்தான் சிகாமணி வாயெடுத்தார். ஆனால் வேறு கேள்விதான் வந்தது.

"இந்தச் சேவலை என்ன செய்ய அண்ணே? அடிச்சுக் கொழம்பு வச்சிரவா?"

"வேணாம்ப்பா. இத்தனை வருஷமா அதுதானே உனக்குச் சோறு போட்டுச்சு. இனி நீ அதுக்குக் கொஞ்சம் அரிசி போடு."