சாட்சித் துண்டு

"ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார் செங்கோடன்.

அமலோற்பவம், உலோகத்தை இழுத்து உடைக்கும் இயந்திரத்தின் கவ்விகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

செங்கோடனுக்கு வயது ஐம்பத்தாறு. தொழில்துறையில் திட்ட அதிகாரி. முப்பரிமாண அச்சுத் தொழிலை மாநிலமெங்கும் கொண்டுசெல்லும் திட்டம் அவருடையது. முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ளுமாறு அரசு அவரை அமலோற்பவத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியது. எட்டு மாதம் அங்கே மாணவராக இருந்தார். ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு.

மாலை நான்கு மணிக்கு அமைச்சர் கூட்டம். திட்டக் கோப்பில் ஆசிரியையின் கையெழுத்து இல்லையேல் மூன்று ஆண்டு உழைப்பும் குப்பைக் கூடைக்குத்தான்.

அச்சு வந்தால் தங்கள் வார்ப்புத் தொழில் படுத்துவிடும் என்று பயந்த பவுண்டரி முதலாளிகள் ஆசிரியையை வளைத்துவிட்டார்கள் என்று செங்கோடன் எண்ணினார். சென்ற வாரம் கூடத்தின் வாசலில் நின்ற வெள்ளைக் காரின் எண்ணைக் குறித்த தாள் இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"யார் வந்து பேசினாங்க? சொல்லிடுங்க."

"நேத்து தண்ணி கேன் போடறவர் வந்தார். ரொம்ப நேரம் பேசினார்."

"விளையாடாதீங்க மேடம்."

"சாம்பிள் கொண்டுவந்தீங்களா சார்?"

செங்கோடன் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். ஒரு தனியார் கம்பெனி அச்சிட்டுத் தந்த செயற்கை இடுப்பு மூட்டு கண்ணைப் பறித்தது. எடுத்துக் காட்டினாரே தவிர, கையைவிட்டு விடவில்லை.

"அதுல என்ன கீறல்?"

"நான்தான், சாவியால போட்டேன். இங்க மாறிடுச்சுன்னா தெரியணுமே."

"விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்" என்றார் அமலோற்பவம். குரலில் கோபம் இல்லை. "இதோட சாட்சித் துண்டு எங்கே?"

முதல் வாரத்திலேயே செங்கோடன் கற்ற சொல் அது. ஒரு பொருளை அச்சிடும்போது, அதே தட்டில், அதே உலோகத்தூளில், அதே சூட்டில், விரல் நீளத்துக்கு ஒரு துண்டையும் சேர்த்து அச்சிடுவார்கள். பிறகு துண்டை இழுத்து உடைப்பார்கள். அது எவ்வளவு தாங்கியதோ, அதைக் கொண்டு பொருளை அறிவார்கள்.

"கம்பெனிக்காரன் கொடுக்கலை."

"நீங்க கேட்டீங்களா?"

செங்கோடன் மூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு."

"அப்ப இதையே மாட்டுங்க. உடைச்சுப் பார்த்துடலாம்."

"ஐயோ! உடைஞ்சா அப்புறம் எதுக்கு ஆகும்?"

"அதான் சார், துண்டைக் கேட்டேன்."

செங்கோடன் திட்டக் கோப்பைப் பிரித்து மேசையில் வைத்தார். மருத்துவம், விமானம், ரயில்வே, பம்புசெட்டு. நான்கு துறைகளுக்கும் முதலாண்டிலேயே இலக்கு.

"நாலும் பொருளா இருக்கு. இதுல உடைச்சுப் பார்க்கறதுக்குன்னு எதை வெச்சிருக்கீங்க?"

"எதுவும் உடையாது மேடம்."

"யார் சொன்னது?"

"கம்பெனிக்கார..."

சொல் பாதியில் நின்றது. ஆசிரியையைச் சந்தேகித்திருந்தார்; அமைச்சரின் செயலாளரை, வெள்ளைக் காரை, தட்டச்சரைக்கூடச் சந்தேகித்திருந்தார்; கம்பெனிக்காரனை மட்டும் இல்லை.

அமலோற்பவம் கோப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் வரி அவரே எழுதியது. அமைச்சருக்குப் பிடிக்கும் என்று அதை மேலே வைத்திருந்தார்.

'முதலாண்டு: அரசு மருத்துவமனைகளில் மூவாயிரம் பேருக்கு இடுப்பு மூட்டு.'

படித்தார். மறுபடி படித்தார்.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. செங்கோடன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இடுப்பு மூட்டைத் தாமே எடுத்து இயந்திரத்தின் அருகே வைத்தார்.

"மேடம், பேனா கொடுங்க."

"கையெழுத்து நான்தானே போடணும்? உங்களுக்கு எதுக்குப் பேனா?"

"பம்புசெட்டை முதல் வரிக்குக் கொண்டுபோகணும். அதுன்னா உடைஞ்சாலும் மாத்திக்கலாம்."