மண்ணுக்கு எதற்குக் காவல்

கடகடவென்று ஒரு சத்தம். நடுவில் சட்டென்று நிற்கும். யாரோ மூச்சு வாங்கிக்கொள்வது போல ஓர் இடைவெளி. பிறகு மறுபடியும் கடகட. தெருமுனை திரும்புகிறவர்களுக்கு வீடு தெரிவதற்கு முன்பே இது காதில் விழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் பச்சை கேட்டும், கேட்டுக்குள் நிற்கிற வெள்ளைக் காரும், அதன் பின்னால் வீடும் கண்ணில் படும்.

சத்தம் தையல் மிஷினுடையது. அதில் உட்கார்ந்து தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் பிலோமினா. அவள் கணவர் இருதயராஜ் டைல்ஸ் கடை ஒன்றில் மேற்பார்வை பார்த்தார். கடலோர ஊர். அதிலும் அவர்கள் தெரு பள்ளத்தில் இருந்தது.

அந்த வீட்டில் பொருள்கள் பேசும். ஆட்களும் பதில் சொல்வார்கள். ஒரே இடத்தில் குடியிருக்கிறவர்கள் பேசிக்கொள்வதில் என்ன அதிசயம் என்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்கும் காருக்கும் ஒரு பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிதான் காவல். வருஷம் முழுக்க அது பீரோவுக்குள், பட்டுச்சேலைகளுக்கு அடியில் படுத்துத் தூங்கும். புரட்டாசி பிறந்தால் எழுந்து வந்து கையை நீட்டும். இருதயராஜ் கேட்டதைக் கொடுப்பார். அது வாங்கிக்கொண்டு திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன், எதற்கு என்று அவரும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை.

போன வருஷம் கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மிஷின் கழுத்துவரை மூழ்கி நின்றது. கார் அன்று டைல்ஸ் கடையில் நின்றதால் தப்பியது. தண்ணீர் வடிந்ததும் பிலோமினா பீரோவைத் திறந்து பாலிசியை எழுப்பினாள்.

அது சுவரைத் தட்டிப் பார்த்தது. தரையைப் பார்த்தது. "கட்டடத்துல ஒரு விரிசல்கூட இல்லையேம்மா. நல்ல வீடு" என்றது.

"மிஷினு?"

"சாமான் எல்லாம் என் கணக்குல வராது. கட்டடம் மட்டும்தான்."

வாசல் மண்ணில் வைத்துத் துருவைச் சுரண்டி, எண்ணெய் ஊற்றி, மிஷினை எப்படியோ ஓட வைத்தாள் பிலோமினா. அப்போதிருந்துதான் அது நடுவில் நடுவில் நின்றது. "இன்னொரு தடவை நனஞ்சா நான் எந்திரிக்க மாட்டேன்க்கா. இப்பவே சொல்லிட்டேன்" என்று அவளிடம் அது சொல்லி வைத்திருந்தது. மிஷின் படுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

இந்த வருஷப் புரட்டாசியில் பழைய பாலிசி எழுந்து வந்து, போன வருஷத்தைவிடக் கூடக் கேட்டது.

"எதுக்குக் கூட?" என்றாள் பிலோமினா.

"எல்லாம் ஏறிப்போச்சுல்ல."

இருதயராஜ் பர்ஸை எடுக்கப் போனார். அவள் கையை வைத்துத் தடுத்தாள். "ஏங்க, ஒரு ரவிக்கைக்கு லைனிங் துணி எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குறோம். இதுக்கு மட்டும் ஏன் ஒரே கடை?"

"பழகினவன்லா பிலோமி."

"பழகினவன் போன வருஷம் சுவரத் தட்டிப் பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கிட்டான்."

வீடு நகர முடியாது. ஆகவே கார்தான் கடை கடையாகப் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அது கேட்டருகே சற்று நின்றது.

"அக்கா" என்றது வீட்டைப் பார்த்து. "ஒரு தடவைகூட நான் கிளெய்ம்னு பணம் கேட்டுப் போய் நின்னதில்லை. அதுக்குன்னு வருஷா வருஷம் தள்ளுபடி சேர்ந்திருக்கு. ஆளை மாத்தினா அந்த நல்ல பேரு போயிருமோ?"

"கேட்டுட்டு வா. கேட்டா என்ன, அடிக்கவா போறாங்க" என்றது வீடு.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுவலகம். அங்கிருந்த பாலிசி பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. வாசலுக்கே ஓடி வந்து காரின் கதவைத் திறந்துவிட்டது.

"வாங்க சார். பழசுல குடுத்ததுல பாதி குடுத்தாப் போதும். எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா?" என்றது கார்.

"எல்லாம்னா எல்லாம்தான்."

"எங்க தெரு பள்ளம். தண்ணிக்குள்ள நின்னு இன்ஜின் போச்சுன்னா?"

"நீ ஏன் போய்த் தண்ணிக்குள்ள நிக்கிறே?" என்று சிரித்தது அந்தப் பாலிசி. சிரிப்பு அழகாகத்தான் இருந்தது. இருதயராஜுக்குப் பேனாவைக்கூட எடுத்துக் கொடுத்தது. கார் தானே ஸ்டார்ட் ஆகிக் கிளம்பத் தயாராக நின்றது. அவருக்கு வேறு வழியில்லை, ஏறிக்கொண்டார்.

அடுத்தது ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. அங்கிருந்த பாலிசி எழுந்து வரவேற்கவில்லை. "உக்காருங்க" என்றது. விலையைச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டது. எங்கே நிறுத்துகிறீர்கள், தெரு எந்தப் பக்கம் சாய்கிறது, போன மழையில் எதுவரை ஏறியது. இருதயராஜுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்வளவு கேக்கமாட்டான்வே."

"அதான் அவங்க பின்னால கஷ்டப்படுறாங்க" என்றது பாலிசி. பிறகு கீழே இறங்கி வந்து, கவலையோடு நின்ற காரைப் பார்த்து, "உன் நல்ல பேரு பழைய கம்பெனிக்குச் சொந்தமில்லை. உங்க முதலாளிக்குச் சொந்தம். அவர் எங்க போனாலும் கூடவே வரும்" என்றது. காருக்கு அன்று வீடு திரும்புகிற வழியெல்லாம் இறக்கமாகவே இருந்தது.

மறுநாள் அந்தப் பாலிசி வீட்டுக்கே வந்துவிட்டது. செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டது. "உனக்கு என்ன ஆகும்?"

"இன்ஜினுக்குள்ள தண்ணி போயிரும்" என்றது கார்.

"அதுக்குத் தனியாச் சேர்த்துக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வை. தண்ணியில நின்ன பிறகு சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினா நான் உதவ முடியாமப் போயிரும்."

மிஷினிடம் போனது. "நீ வீட்டுக்கு மட்டும் தைக்கிறியா, சம்பாதிக்கிறியா?"

மிஷின் பிலோமினாவைப் பார்த்தது. அவள் கண்ணால் 'சும்மா இரு' என்றாள். ஆனால் மிஷினுக்குப் பொய் வராது. "தெருவே நான் தச்ச ரவிக்கைதான்" என்றது.

"அப்ப அதைச் சொல்லித்தான் சேர்க்கணும். மறைச்சு எழுதினா, நாளைக்கு நானே உன்னைத் தெரியாதுன்னு சொல்லும்படி ஆகும்."

"பணம் கூடவா வரும்?" என்றாள் பிலோமினா.

"கொஞ்சம் வரும்."

கடைசியாக வீடு. "உன் மதிப்பு என்ன?"

வீடு நெஞ்சை நிமிர்த்தி ஒரு பெரிய விலையைச் சொன்னது. இருதயராஜ் டீக்கடையில் சொல்கிற அதே விலை. வாங்கும்போது முள்ளுக்காடாகக் கிடந்த மனை அது. இன்றைக்கு அது போகிற விலையைச் சொல்வதில் அவருக்கு ஒரு சுகம். பழைய பாலிசியிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அவரை மட்டும் சொல்வானேன், அந்த ஊரில் வீடு என்ன விலை என்று யாரைக் கேட்டாலும் மனையின் விலையைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

"அது விக்கிற விலை" என்றது புதுப் பாலிசி. "நாளைக்கு நீ இடிஞ்சு விழுந்தா, இதே இடத்துல உன்னைத் திரும்பக் கட்ட என்ன ஆகும்?"

வீடு இருதயராஜைப் பார்த்தது. இருதயராஜ்தான் யோசித்து, செங்கல், கம்பி, டைல்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது. டீக்கடை விலையில் அது கால்வாசிகூட வரவில்லை.

"மிச்சம்?" என்று கேட்டது பாலிசி.

எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

மனையை அந்த வீட்டில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அது அதிகம் பேசாது. ஆனால் பீரோவுக்குள் படுத்திருக்கிற காவலாள் முதலில் தனக்குத்தான் காவல் என்ற நினைப்பு அதற்கு உண்டு. எல்லோரையும் சுமக்கிறவனுக்கு அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி என்று நினைத்திருந்தது.

பாலிசி குனிந்தது. "அண்ணாச்சி, உங்களுக்கு என்ன ஆகும்? தீப்பிடிச்சா எரிவீங்களா?"

"எரிய மாட்டேன்."

"திருடன் வந்தா?"

"என்னைத் தூக்கிட்டுப் போறவன் இன்னும் பொறக்கல."

"வெள்ளம்?"

"வரும். என் மேல நிக்கும். போயிரும். நான் இங்கதான கெடப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அதற்கே புரிந்தது. இத்தனை வருஷமும் கொடுத்ததில் பெரும்பங்கு, ஒன்றுமே ஆகாத தனக்காகப் போயிருக்கிறது. ஒரு மழையிலேயே துருப்பிடிக்கிற மிஷினுக்காக எதுவும் போகவில்லை.

யாரும் அதைக் குறை சொல்லவில்லை. மிஷின்கூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் மனைக்குத் தாங்கவில்லை.

"போன வருஷம் இவ ஒடம்புலேருந்து வடிஞ்ச துருத்தண்ணி என் மேலதான் சொட்டுச்சு" என்றது மெதுவாக. "இன்னும் அந்த எடம் செவப்பாத்தான் இருக்கு. என் பேர எடுத்துருங்க. அந்த எடத்துல இவளச் சேருங்க. காரோட இன்ஜினையும் சேருங்க."

இருதயராஜுக்கு மனம் வரவில்லை. "அண்ணாச்சி பேர எடுத்துட்டா வீட்டு மதிப்பு கொறஞ்சிராதா?"

"நீங்க டீக்கடையில சொல்ற விலைய யாரும் கொறைக்கல" என்றாள் பிலோமினா. "அங்க போய் எவ்வளவு வேணும்னாலும் ஏத்திச் சொல்லுங்க."

மண்ணை எடுத்துவிட்டு, மிஷினையும் வீட்டுச் சாமான்களையும் இன்ஜினையும் சேர்த்த பிறகும், பழைய பாலிசி கேட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது.

பழைய பாலிசி தன் பையைக் கட்டிக்கொண்டது. வாசலில் நின்று, "நீங்க கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன்" என்றது.

"கேக்கணும்னே எங்களுக்குத் தெரியாதே" என்றது வீடு.

பிலோமினா அதன் மேல் ஒட்டியிருந்த பட்டுச்சேலை நூலை எடுத்துவிட்டாள். "பரவாயில்ல. நீ இருக்கேன்னு நாங்க நிம்மதியாத் தூங்கினோம். அதுக்கு நன்றி."

"நானும்தாம்மா தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு அது போயிற்று.

மழை அந்த வருஷம் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. ஒரு பகல் முழுக்கக் கொட்டியது. சாயங்காலம் தெருவுக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இருவரும் மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் கட்டில் மேலும் ஏறியது. மொட்டை மாடியில் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து பிலோமினா ஜெபமாலையை உருட்டினாள். கீழே காரின் கூரை மட்டும் தெரிந்தது.

வடிந்த அன்று தெருவில் எல்லோரும் அவரவர் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். ஒவ்வொன்றாக உறுமி, இருமி, ஓய்ந்தன. இருதயராஜின் கையும் தானாகச் சாவிக்குப் போனது.

"தொடாதீங்க" என்றது கார். குரல் கம்மியிருந்தது. "அவன் சொன்னான்லா."

"ஒரு தடவ பாத்துருவோமே."

"ஒரு தடவையும் வேண்டாம்."

அவர் சாவியைப் பைக்குள் போட்டு, அந்தக் கையை வெளியே எடுக்காமலே நின்றார்.

புதுப் பாலிசி முழங்கால் சேற்றில் நடந்து வந்தது. இந்தத் தடவையும் கேள்விதான் கேட்டது. ஆனால் இந்தத் தடவை யாருக்கும் எரிச்சல் வரவில்லை. காரை இழுத்துப் போக வண்டி வந்தது. மிஷினுக்கு மெக்கானிக் வந்தார். துருப்பிடித்த பாகங்களை எல்லாம், போன வருஷத்துத் துருவையும் சேர்த்து, கழற்றிப் போட்டுப் புதிதாக மாட்டினார். பிலோமினா மிதித்துப் பார்த்தாள். நிற்காமல் ஓடியது. ஒரு தையல் முழுக்க ஓடி முடிந்த பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.

கார் இன்ஜின் சுத்தமாகித் திரும்பி வந்தது. "என் நல்ல பேரு போச்சுக்கா. அடுத்த வருஷம் தள்ளுபடி இல்லையாம்" என்றது வீட்டிடம்.

"வேற எதுக்குச் சேர்த்து வச்ச?" என்றது வீடு.

அன்று எல்லோரும் புதுப் பாலிசிக்கு நன்றி சொன்னார்கள். இருதயராஜ் அதன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"என்னை ஏன் கும்பிடுறீங்க" என்றது பாலிசி. "நீங்க எனக்குக் குடுத்தீங்க, நான் உங்களுக்குக் குடுத்தேன். அது என் வேலை. ஆனா இவங்களுக்குன்னு ஒரு எடத்த விட்டுக் குடுத்தது நான் இல்ல."

அதைச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

மனைக்கு மட்டும் யாரும் எதுவும் கொண்டு வரவில்லை. சுவர் காய்ந்தது, கார் காய்ந்தது, அது மட்டும் இன்னும் ஈரமாகக் கிடந்தது. மேலே ஒரு சாண் வண்டல். யாருடையதோ ஒற்றைச் செருப்பு, தென்னம்பாளை, சுருண்டுபோன நீல நைலான் கயிறு.

"அண்ணாச்சி" என்றது மிஷின்.

"சும்மா இரு தாயி" என்றது மனை. "மொதல்ல காயட்டும்."

இருதயராஜ் டீக்கடைக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்தார்.

பிலோமினா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். ஒற்றைச் செருப்பையும் பாளையையும் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். வண்டலை மண்வெட்டியால் வழித்துத் தள்ளினாள். அடியில் பழைய தரை தெரிந்ததும், மழைக்கு முன்பு தினமும் காலையில் செய்ததைப் போல, வாரியலை எடுத்து மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.