தேருக்கு வாங்கிய கருங்காலிக் கட்டை

மரக்கடைக்காரரே, எல்லாத்துக்கும் நீர்தான் காரணம். கட்டையைக் கொடுத்தோமா, காசை வாங்கினோமா என்று சும்மா இருந்திருக்கலாம். கொசுறாக மூணு வார்த்தை கொடுத்தீர் பாரும், அதில்தான் எங்கள் ஊர் கவிழ்ந்தது.

விவரம் தெரியாதவர்களும் கேட்கட்டும். எங்கள் கூழையனேரியில் தேர் மேலத் தெரு வழியாக வந்து தெற்கே திரும்பும். திரும்புகிற முக்கில் இருப்பது என் வீடு. பூண்டு மூட்டை சுமந்து, பிறகு பூண்டு விற்று, சந்தையில் தொண்டை கிழியப் பேரம் பேசிக் கட்டின வீடு. அந்த முக்கில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்தால்தான் தேர் நின்று திரும்பும். கொடுக்காவிட்டால் நேரே என் வீட்டுக்கு விருந்தாளியாக வரும். பழைய கட்டையோ நசுங்கி நார் நாராகிவிட்டது.

"கருங்காலியில செய்வோம் அண்ணாச்சி. இரும்பு மாதிரி, நசுங்காது" என்றார் மாசானம் ஆசாரி.

தேர்க் கமிட்டியில் நாங்கள் மூணு பேர். ஆசாரி, தலைவர் கொம்பையா, நான். பேரம் பேசத் தெரிந்தவன் நான்தான் என்று நானே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. கிளம்பினேன்.

உம் கடையில் நான் பேசின பேச்சு ஞாபகம் இருக்கிறதா?

"என்னவே, கட்டை கரிஞ்சு கிடக்கு? தீப்பிடிச்ச கட்டைக்கு இந்த விலையா?"

"கருங்காலியோட வைரமே கறுப்புதான் அண்ணாச்சி."

"இம்புட்டுக் கட்டைக்கு இம்புட்டுக் கனம் எதுக்கு? ஒண்ணு கனத்தைக் குறையும், இல்லைன்னா விலையைக் குறையும்."

நீர் விலையைக் குறைத்தீர். ஜெயித்தவன் அப்படியே வந்திருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. "கொசுறு?" என்றேன்.

"மரத்துக்கு ஏது கொசுறு? மூணு வார்த்தை சொல்லுதேன், கொண்டு போங்க. வெயில்ல போட்டா வெடிச்சிரும், நிழல்லயே காயணும். இழைச்ச பிறகு முகம் தெரியிற வரைக்கும் தேய்க்கணும். அசல் கருங்காலி தண்ணியில மூழ்கும். மிதந்தா கொண்டாங்க, திருப்பி எடுத்துக்கிடுதேன்."

ஓசியில் வந்த வார்த்தை. ஒரு எழுத்துச் சிந்தாமல் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

கட்டையை வேப்பமர நிழலில் போட்டோம். நிழல் நகர்ந்தது. கட்டையையும் நகர்த்தினோம். அது கனத்த கனத்துக்கு, ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மத்தியானம் நிழல் மரத்தடியில் சுருங்கியபோது கட்டையை நிமிர்த்தி நிறுத்தி ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம். சாயங்காலம் நிழல் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போனது. நாங்களும் போனோம்.

என் வீட்டுக்காரி வள்ளிமயில் கேட்டாள். "அதைத் தூக்கி வீட்டுக்குள்ள போட்டா என்ன?"

"வீட்டுக்குள்ள இருக்கிறது இருட்டும்மா. அவர் சொன்னது நிழல்" என்றார் கொம்பையா. சும்மாவா தலைவர் ஆக்கினோம்.

காய்ந்த கட்டையை ஆசாரி செதுக்கினார். இருந்த உளியெல்லாம் மழுங்கியது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். எண்ணெய் விட்டுத் தேய்த்தோம். கட்டை கண்ணாடியாக மின்னியது.

"முகம் தெரியுது. என் முகம்" என்றார் ஆசாரி.

கொம்பையா குனிந்து பார்த்தார். "உம்ம முகம் எங்கேவே இருக்கு? இது என் முகம்."

நான் இருவரையும் தள்ளிவிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, என் முகம்.

கொம்பையா தீர்ப்புச் சொன்னார். "பார்க்கிறவனுக்கெல்லாம் ஒரு முகம் காட்டுது. நிலையில்லாத கட்டை. ஒரு முடிவுக்கு வார வரைக்கும் தேய்க்கணும்."

தேய்த்தோம். கை ஓய்ந்து, மூணு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்தபோது மூணு முகமும் சேர்ந்து தெரிந்தது. ஏகமனதாக நிறுத்தினோம்.

மிச்சம் இருந்தது தண்ணீர்ச் சோதனை.

"குளத்துல போட்டு மூழ்கினா அசல். ஆனா கட்டை போயிரும்" என்றேன்.

"மிதந்தா கட்டை கையில இருக்கும். ஆனா போலி" என்றார் ஆசாரி.

"கயிறு கட்டிப் போடுங்களேன்" என்றாள் வள்ளிமயில்.

"கயிறு மிதக்கும். அப்போ மிதக்கிறது கயிறா கட்டையான்னு குழப்பம் வரும்" என்றார் கொம்பையா. "முதல்ல தேர் ஓடட்டும். பிறகு பார்த்துக்கிடலாம்."

தேர் ஓடியது. மேளமும் கூட்டமுமாக என் வீட்டு முக்குக்கு வந்தது. ஆசாரி கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். மூணு முகம் தெரிகிற கட்டை. நனைந்த சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்து, எதிரே இருந்த தெப்பக்குளத்தில் விழுந்தது. தேர் ஒரு அவசரமும் இல்லாமல் என் வாசல் நிலையைத் தள்ளி, முன்கட்டுச் சுவரைச் சாய்த்து, கூடத்தில் வந்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. மேளக்காரர்கள் மட்டும் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

"தேரே கொசுறா வந்திருச்சு. இப்பவாவது மனசு நிறைஞ்சுதா?" என்று வள்ளிமயில் கேட்டாளாம். கேட்க நான் அங்கே இல்லை. நாங்கள் மூணு பேரும் குளத்தங்கரையில் நின்றோம்.

"மூழ்கிருச்சா?"

"நல்லாப் பாரும்."

"அடியோட மூழ்கிருச்சு அண்ணாச்சி. அசல்."

ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரத்தில் நான் ஏமாறவில்லை என்று ஊருக்கே தெரிந்துபோனது.

தேரை வெளியே இழுக்க வேண்டும் என்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டோ குளத்துக்குள். ஒருவேளை மனம் மாறி மிதந்தால் உம்மிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று கமிட்டி முறை வைத்துக் கரையில் காத்திருக்கிறது. இதுவரை மிதக்கவில்லை. ஊரே என் கூடத்தில் வந்து கும்பிட்டுவிட்டு, திருநீற்றை என் சுவரில் துடைத்துவிட்டுப் போகிறது. நான் தேர்வடத்தைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறேன்.

ஆகவே மரக்கடைக்காரரே, இந்த வழக்கை நீரே வந்து தீர்த்துவையும். வரும்போது வேறு கட்டை கொண்டுவாரும். அசல் கருங்காலியாக இருக்கவேண்டும். தண்ணீரில் விழுந்தால் மிதக்கவும் வேண்டும். கொசுறு மட்டும் கொண்டுவராதேயும்.