கொக்குத்தாங்கல் பரிவட்டம்

குருவுக்கு நாப்பது சொச்சம் வயசு. சிஷ்யனுக்கு அறுபது தாண்டியாச்சு. இதைக் கேட்டே கொக்குத்தாங்கல் ஏரிக்கரையில பாதிப் பேரு சிரிச்சாங்க. மீதிப் பேரு மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்ததால சிரிக்க முடியல.

குரு பேரு தையநாயகி. கரையில இருக்கிற ஏரியம்மன் கோயிலைப் பெருக்கி, கோலம் போட்டு, விளக்கேத்திட்டு, வேப்பமரத்தடியில உக்காந்திருப்பாங்க. பேச்சு கம்மி. கேட்டா பதில் சொல்லுவாங்க. சில நேரம் கேட்டாலும் சொல்லமாட்டாங்க.

சிஷ்யன் எத்திராஜ். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். யாரைப் பாத்தாலும் அடுத்த நிமிஷம் அவங்களாவே மாறிடுவாரு. டெப்போ மேனேஜர் மாதிரி இருமுவாரு. ரிவர்ஸ் எடுக்கிற வண்டி மாதிரி கத்துவாரு. ஒரு நாள் அவரு விட்ட குக்கர் விசிலுக்கு பக்கத்து வீட்டம்மா ஓடிப் போயி, அரைவேக்காட்டுலயே அடுப்பை அணைச்சிடுச்சு.

ரிட்டயர் ஆனதும் உடம்பு உக்காந்துச்சு, மனசு உக்காரமாட்டேன்னுது. அதான் தையநாயகிகிட்ட வந்து சேந்தாரு. அவரு "தாயி"ம்பாரு. அவங்க "அண்ணே"ம்பாங்க.

இப்ப ஏரியைச் சொல்லணும். அது ஏரியா? பச்சைக் கம்பளம். ஒரு கன்னுக்குட்டி புல்லுன்னு நெனைச்சு காலை வச்சு, கழுத்து வரைக்கும் உள்ள போயிடுச்சு. கயிறு போட்டு இழுத்தாங்க. வெளிய வந்த கன்னுக்குட்டியை அதோட அம்மாவுக்கே அடையாளம் தெரியல.

நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். எத்திராஜ் வீடு கரையை ஒட்டியே இருக்கு. அவரு பொண்டாட்டி ருக்கு வருஷக்கணக்கா ஜன்னலை மூடியே குடும்பம் நடத்துனா. ஒரு நாள் காலையில பையைத் தூக்கிட்டா.

"நான் வாலாஜாவுக்கு, மக வீட்டுக்குப் போறேன். நாத்தம் போனா போன் பண்ணு. வரேன்."

"அது எப்படீ போகும்?"

"அதான் குரு வச்சிருக்கியே. கேளு."

போயிட்டா. எத்திராஜ் தனியா உப்புமா கிண்டித் தின்னாரு. மறுநாளும் உப்புமா. அதுக்கு மறுநாள், உப்புமா கொதிக்கிற சத்தத்தையும் பழகிக்கிட்டாரு.

அந்த நேரம் பாத்துத்தான் மாநகராட்சியில இருந்து இன்ஜினியர் வந்து கூட்டம் போட்டாரு. கூட்டம் முடிஞ்சதும் எத்திராஜ் நேரா வேப்பமரத்தடிக்கு வந்தாரு.

"தாயி, ஒரு சந்தேகம்."

"கூட்டத்துல என்ன நடந்துச்சு?"

இது போதாதா? எத்திராஜ் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வச்சாரு. அவ்வளவுதான், இன்ஜினியர் ஆயிட்டாரு.

"ஏரியைத் தூர்வாரி, பாசி எடுத்து, கரை கட்டித் தர்றோம். பாதிச் செலவு எங்களுது. மீதி சுத்தி இருக்கிற நீங்க போடணும். ஆடி கடைசி வெள்ளிக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா திட்டம் வேற ஏரிக்குப் போயிடும். இன்னொண்ணு. தெருவுல பாதாள சாக்கடை போட்டு எத்தனையோ வருஷமாச்சு, ஏன் ஒருத்தரும் கனெக்‌ஷன் வாங்கல? அச்சூ!"

கர்ச்சீப்பு போச்சு. முதுகு நிமிந்துச்சு. இது அடுக்குமாடி செகரட்டரி சீதாபதி.

"ஆக்சுவலி, எங்க ஃப்ளாட்ஸ்ல இருந்து ஒரு டிராப் கூட ஏரிக்குப் போகல. நாங்க வாங்கும்போதே லேக் வியூன்னு எக்ஸ்ட்ரா குடுத்துதான் வாங்கினோம். வியூவும் இல்ல, லேக்கும் இல்ல. எங்களுக்குத்தான் நீங்க தரணும்."

வயிறு முன்னால வந்துச்சு. கல்யாண மண்டபத்து ஓனர் ராஜமாணிக்கம்.

"தம்பி, நம்ம மண்டபத்துல இலையைக் கூட கழுவிதான் போடுறோம். அந்தத் தண்ணியா? அது... ஆவியாயிடும்."

இடுப்புல கை போச்சு. பழைய தெரு பஞ்சவர்ணம்.

"யோவ், நாங்க இந்தத் தண்ணியில சோறாக்கித் தின்னவங்க! நேத்து வந்தவன் நாறடிப்பான், நான் காசு போடணுமா? என் வீட்டுத் தண்ணி என் வாழைக்கே பத்தல!"

தையநாயகி சிரிக்கல. ஆனா வாய் ஓரம் கொஞ்சம் அசைஞ்சுது.

"சந்தேகம் என்னண்ணே?"

"யாருதான் தாயி காசு போடணும்? நாறடிச்சவனா, வசதி இருக்கிறவனா, முதல்ல இருந்து இருக்கிறவனா? யாரைக் கேட்டாலும் பக்கத்து வீட்டைக் காட்டுறான். வெள்ளிக்கிழமை வந்துட்டா திட்டம் போயிடும். திட்டம் போனா ருக்கு வரமாட்டா. எனக்கு உப்புமா இறங்கல."

தையநாயகி கோயிலுக்குள்ள போயி ஒரு சிவப்புப் பட்டுத்துணியை எடுத்துட்டு வந்தாங்க. பரிவட்டம். ஆடித் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்கோ, அவங்க தலையில அம்மன் முன்னாடி கட்டுற துணி. அதை மடியில வச்சு சுருக்கம் நீவுனாங்க.

"போன வருஷம் இது யாருக்குன்னு சண்டை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா? ராஜமாணிக்கம் சட்டை கிழிஞ்சுது. சீதாபதி கண்ணாடி பஞ்சவர்ணம் கொண்டைக்குள்ள கெடைச்சுது. அதுக்கப்புறம்தானே துணியை உங்க பொறுப்புல விட்டாங்க."

"ஏன் சண்டை?"

"முதல் நாள் மண்டகப்படி செலவை நான்தான் பண்ணுவேன், நான்தான் பண்ணுவேன்னு மூணு பேரும்..." எத்திராஜ் நிறுத்திட்டாரு. "அட! அங்க செலவு பண்ணத்தானே அடிச்சுக்கிட்டாங்க?"

தையநாயகி துணியை மடிச்சாங்க.

"அம்மனுக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்துறவங்களுக்குத்தானே மரியாதை. இந்த வருஷம், ஏரிக்கு யார் வீட்டுத் தண்ணி அதிகமா வருதோ அவங்களுக்குப் பரிவட்டம். மைக்குல சொல்லிடுங்க."

"தாயி, அது சாக்கடைத் தண்ணியாச்சே!"

"நான் தண்ணின்னுதானே சொன்னேன்."

எத்திராஜுக்கு ஒண்ணும் புரியல. புரியாட்டி என்ன, மைக்கு கெடைச்சா போதாதா? பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு குரல்ல, ஏரியைச் சுத்தி நாலு பக்கமும் கேக்குற மாதிரி சொன்னாரு. சொல்லிட்டு, என்னதான் ஆகும்னு பாக்க, மறுநாள் இன்ஜினியர் திரும்பவும் போட்ட கூட்டத்துல முதல் வரிசையில போயி உக்காந்தாரு.

ராஜமாணிக்கம் புதுச் சட்டையில வந்திருந்தாரு. தொண்டையைச் செருமுனாரு.

"மரியாதைன்னு வந்துட்டதால சொல்றேன். ஒரு முகூர்த்தத்துக்கு நம்ம மண்டபத்து சாம்பார் அண்டா கழுவுற தண்ணி மட்டும் ஒரு லாரி இருக்கும். அத்தனையும் நேரா ஏரிக்குத்தான்."

சீதாபதி எந்திரிச்சாரு. "எக்ஸ்கியூஸ் மீ! நீங்க முகூர்த்த நாள்ல மட்டும்தான் சார். எங்க ஃப்ளாட்ஸ் டெய்லி. சண்டே டபுள். பின்பக்கச் செவுத்துல என் கையகலத்துக்குக் குழாய் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க, ராத்திரி ஆனா அருவி மாதிரி கொட்டும்!"

"அருவியாம் அருவி!" பஞ்சவர்ணம் முந்தானையைச் சொருகுச்சு. "உங்க கட்டடத்துக்கு செங்கல் வர்றதுக்கு முன்னாடியே எங்க தெரு விட்டுக்கிட்டு இருக்குய்யா! என் மாமியார் காலத்துல இருந்து, ஒரு நாள் விட்டதில்ல!"

"ஆடி மாசத்துல முகூர்த்தமே கெடையாதே, அப்புறம் என்ன பரிவட்டம்?"ன்னு யாரோ பின்னாடி இருந்து கத்துனாங்க. "காதுகுத்து நடக்குதுடா!"ன்னு ராஜமாணிக்கம் திரும்பிக் கத்துனாரு.

எத்திராஜ் இங்க பாக்குறாரு, அங்க பாக்குறாரு. யாரை மொதல்ல மனப்பாடம் பண்றதுன்னு தெரியல அவருக்கு.

இன்ஜினியர் மெதுவா கர்ச்சீப்பை எடுத்தாரு.

"ரொம்ப சந்தோஷம். அப்போ யாரு எவ்வளவு விடுறீங்களோ, அந்த அளவுக்கே மீதிப் பணத்தைப் பிரிச்சுக்கலாமா?"

வெளிய மைக்செட்டுல மொத்த ஊரும் கேட்டுக்கிட்டு இருக்கு. இப்ப போயி எங்க தண்ணி ஆவியாயிடும்னா சிரிப்பாங்க. ராஜமாணிக்கம் சீதாபதியைப் பாத்தாரு. சீதாபதி தலையில சிவப்புத் துணி இருந்தா எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாத்திருப்பாரு போல.

"நான் ரெடி"ன்னாரு ராஜமாணிக்கம்.

"அப்போ நாங்களும்!"

"நாங்க மட்டும் எளப்பமா?"

முடிஞ்சுது. எத்திராஜ் வாசல்லயே நின்னு போனைப் போட்டாரு.

"ருக்கு! காசுக்கு வழி பொறந்துடுச்சு. கெளம்பி வா!"

"நாத்தம் போச்சா?"

"போகப் போகுதுடி."

"போனப்புறம் கூப்பிடு." வச்சுட்டா.

வேப்பமரத்தடிக்கு ஓடுனாரு. ஓடுற வேகத்துலயே ராஜமாணிக்கமா வந்து, சீதாபதியா உக்காந்து, பஞ்சவர்ணமா எந்திரிச்சு, மொத்தக் கூட்டத்தையும் நடத்திக் காட்டுனாரு. மூச்சு வாங்குச்சு.

"தாயி, எனக்கு இப்பவும் ஒண்ணு புரியல. நேத்து ஒரு சொட்டு இல்லைன்னாங்க, இன்னைக்கு அருவிங்கிறாங்க. ஒரு முழம் துணிக்கா இவ்வளவு? அது கெடக்கட்டும். பரிவட்டம் யாருக்கு? உண்மையிலயே யாரு தண்ணி அதிகம்?"

"எல்லார் குரலும் பண்ணிட்டீங்களாண்ணே?"

"ஒருத்தர் விடல. இன்ஜினியர் தும்மல் வரைக்கும் பண்ணிட்டேன்."

"ஒரு குரல் பாக்கி இருக்கு. வாங்க."

பரிவட்டத்தை எடுத்துக்கிட்டு கரை மேல நடந்தாங்க. எத்திராஜ் பின்னாடியே போனாரு. யாரா இருக்கும்? வாட்ச்மேனா? ஐஸ் விக்கிற பாயா? மனசுக்குள்ள ஒவ்வொரு குரலா போட்டுப் பாத்துக்கிட்டே வந்தாரு. கோரைப் புல்லு ஆளுயரம் நின்ன எடத்துல தையநாயகி நின்னாங்க. புல்லை வெலக்குனாங்க.

சாம்பக் கலர்ல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

*களக்*.

கொஞ்சம் நுரை வந்துச்சு. பாசி மேல வெள்ளையா பரவுச்சு.

*களக். களக்.*

"யார் வீட்டுக் குழாய்ண்ணே இது?"

எத்திராஜ் நிமிந்து பாத்தாரு. மூடுன ஜன்னல். ருக்கு மாட்டி வச்ச பச்சைத் திரை.

"எங்க வீட்டுது மாதிரிதான் இருக்கு. அது ஒண்ணும் இல்ல தாயி, சின்னக் குழாய். ருக்கு துணி தொவைச்சா கொஞ்சம் வரும். அவதான் சோப்புத் தூளை அள்ளி அள்ளிப் போட்டு..."

நின்னுட்டாரு.

ருக்கு வாலாஜாவுல இருக்கா.

நுரையில எலுமிச்சை வாசம் அடிச்சுது. காலையில அவரு தேய்ச்சுக் குளிச்ச சோப்பு, தொட்டியில தேங்கி இப்பத்தான் வடியுது. அதுக்குப் பின்னாடியே ரெண்டு உப்புமாப் பருக்கை மெதுவா வந்து நுரை மேல உக்காந்துச்சு.

"கனெக்‌ஷன் வாங்கலாம்னுதான் இருந்தேன்"னாரு எத்திராஜ். "வாசல்ல டைல்ஸ் போட்டிருக்கேன். தோண்டணும்னா ஒடைக்கணும். அதான்..."



*களக்.*

"எதுவா இருந்தாலும் பண்ணிக் காட்டுவீங்களே. இதைப் பண்ணுங்கண்ணே."

எத்திராஜ் வாயைத் தொறந்தாரு. ஓடுற பஸ்ஸுக்குள்ள நூறு பேரு இரைச்சலைத் தாண்டிக் கத்துன தொண்டை. காத்து மட்டும் வந்துச்சு.



"தாயி, ருக்குகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

தையநாயகி மடிச்ச பரிவட்டத்தை அவரு கையில வச்சாங்க.

"ஏரியைச் சுத்தி எந்தக் குழாய் மொதல்ல வாயை மூடுதோ, அந்த வீட்டுக்காரங்களுக்கு இதைக் கட்டிடுங்க. அது யாருன்னு பாத்துட்டு, அப்புறமா போன் போடுங்கண்ணே."