கடல்பாசியின் யோசனை

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

இருட்டில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

தணிகாசலம் சிவப்பு விளக்கைப் போட்டான். சக்கரத்தில் ஓடிக் களைத்த எலி, கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. இங்கே இரவு. எலிகள் ராத்திரியில்தான் விழித்திருக்கும் என்பதால், ஆராய்ச்சிக்கூடத்தில் பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் பாட்டில்களை நிரப்பத்தான் வந்திருந்தான். நாலைந்து நிரப்பியிருப்பான். மனசு வேலையில் நிலைகொள்ளவில்லை. பாட்டிலை அப்படியே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

எலியின் மூளையைக் காட்டும் அலை அதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏறி, இறங்கி, ஏறி.

எலி தூங்குகிறது. அலை தூங்கவில்லை.

வெளி அறைக்கு ஓடினான்.

"மேடம், உடம்பு ஓஞ்சு கிடந்தாலும் மூளைக்குள்ள ஒண்ணு நிக்காம ஓடுது. அது என்னது மேடம்?"

சுலைஹா மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவனைவிட வயதில் இளையவர். செல்போன் ரிப்பேர் கடையில் தானாகவே தொழில் பழகியவனைக் கூட்டிவந்து, மூளையை ஒளியால் பார்க்கும் கருவி செய்யக் கற்றுக்கொடுத்தவர்.

"உட்காருங்கண்ணே."

அவன் உட்காரவில்லை.

"சாயங்காலம் அறிக்கை அனுப்புறீங்க. இந்த அலை நிஜம்னா என் பேரை முதல்ல போடுறேன்னு சொன்னீங்க. நிஜம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். படிக்காத பயன்னு சொன்ன வாயெல்லாம் அடைச்சுப் போகட்டும்."

"கருவியைக் கழட்டிட்டு வாங்க."

எலியின் தலையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நீல ஒளியை மூளைக்குள் அனுப்பும். வேலையில் இருக்கிற நரம்பணுக்கள் பதிலுக்குப் பச்சையாய் ஒளிரும். அந்தப் பச்சையைப் பிடித்துத் திரைக்கு அனுப்பிவிட்டு, உடனே கண்ணை மூடிக்கொள்ளும். மறுபடி விழிக்கும், பார்க்கும், மூடிக்கொள்ளும். பேட்டரி அவ்வளவு சின்னது.

மேடம் டப்பாவிலிருந்து ஒரு துண்டு கடல்பாசி இனிப்பை எடுத்து மேஜையில் வைத்தார். பால் ஊற்றிக் காய்ச்சி, உறையவைத்து வெட்டிய வெள்ளைத் துண்டு. லேசாக ஆடியது.

கருவியை அதன் தலையில் வைத்தார்.

இருவரும் மேஜைமேல் இருந்த இன்னொரு திரையைப் பார்த்தார்கள்.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

"அடேயப்பா. எங்க உம்மா செஞ்ச கடல்பாசி என்னமோ பலமா யோசிக்குதுண்ணே."

தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போனது.

"பேட்டரி கோளாறா இருக்கும் மேடம்."

"மாத்திப் பாருங்க."

மாற்றினான். கடல்பாசி விடாமல் யோசித்தது.

"ட்யூப் லைட் வெளிச்சம் உள்ள போகுதோ என்னவோ."

"அணைச்சுப் பாருங்க."

அணைத்தான்.

இருட்டில், கருவியின் விளிம்பில், ஒரு பச்சைப் பொட்டு விளக்கு மினுக்கியது. மினுக்கியது. மினுக்கியது.

"இது எதுக்குண்ணே?"

"நான்தான் வச்சேன். ஓடுதா, நின்னு போச்சான்னு தெரியணும்ல மேடம். அடிக்கடி எட்டிப் பாத்துக்குவேன். இல்லேன்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

"எலி கேட்டுச்சா?"

அவன் பொட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

பொட்டு மினுக்கும் நேரம் ஒன்று. கருவி கண் திறக்கும் நேரம் வேறொன்று. இரண்டும் மெல்ல மெல்ல விலகும். மறுபடி மெல்ல வந்து சேரும். சேர்ந்தால் கருவி பொட்டின் பச்சையையே மூளையின் பச்சையாகப் பிடித்துக்கொள்ளும், கோடு ஏறும். விலகினால் இறங்கும்.

விளக்கைப் போட்டான். சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, இடுக்கியால் பொட்டைப் பெயர்த்து எடுத்தான். கருவியைத் திரும்பக் கடல்பாசியின் மேல் வைத்தான்.

கோடு படுத்துவிட்டது.

"அறிக்கை அனுப்பணுமேண்ணே."

"அதுல எழுத என்ன மேடம் இருக்கு?"

மேடம் டப்பாவிலிருந்து வேறொரு துண்டை எடுத்து நீட்டினார்.

"சாப்பிடுங்க. இது ஒண்ணும் யோசிக்கல."

அவன் உட்கார்ந்து தின்றான்.

பிறகு கையையும் கருவியையும் துடைத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனான். தூங்கும் எலியை நோகாமல் எடுத்து, அதன் தலையில் கருவியை மாட்டி, கூண்டில் விட்டான். இப்போது அங்கே எதுவும் மினுக்கவில்லை. திரையில் கோடு அசையவில்லை. செத்த கருவிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வாசலில் மேடம் நின்றிருந்தார்.

"மேடம், இப்ப இது ஓடுதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மேடம் எட்டி, திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவன் கை திரையை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது.

கிர்ர்... கிர்ர்...

பின்னால் சக்கரம் சுற்றத் தொடங்கியிருந்தது.

தணிகாசலம் திரையைத் திருப்பாமல், பாதியில் விட்ட பாட்டிலை எடுத்து, குழாயைத் திறந்து, நிரப்ப ஆரம்பித்தான்.